மீதி நாலு ஆணி

இப்போதெல்லாம் சாவுக்கு வருகிறவர்களுக்கு ஒழுங்காக நிற்கக்கூடத் தெரியவில்லை. பெட்டி உள்ளே போகும்போது ஒருத்தன் போனில் பேசுகிறான். இன்னொருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறான். செத்தவன் முகத்தை எடுத்து எவனுக்கு அனுப்பப் போகிறான்? போன மாதம் செத்தவர் ஒருத்தரின் பேரன் மணிக் கோபுரப் படி ஏறி என்னிடமே வந்துவிட்டான். "தாத்தா, எண்பத்திரண்டும் அடிக்கணுமா? ஒரு இருபது அடிச்சுட்டு விட்ரக் கூடாதா? வண்டி வெளிய நிக்குது" என்றான். உன் தாத்தா அவசரமாகவா வாழ்ந்து முடித்தார் என்று கேட்டேன். முறைத்துவிட்டு இறங்கிப் போனான்.

நான் இந்தச் சபையில் மணி அடிக்கிறவன். யாராவது செத்தால், அவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. எண்ணத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் கயிற்றை இழுக்கும்போது கணக்கு நழுவிவிடும். அதனால் ஆணி வைத்துக்கொள்வேன். வயதுக்குத் தகுந்த மாதிரி ஆணிகளை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைப்பேன். ஒரு அடி அடித்ததும் ஓர் ஆணியை எடுத்துத் தகர டப்பாவில் போடுவேன். கட்டை காலியானால் வேலை முடிந்தது. இதில் தப்பு வர வழியே கிடையாது.

இப்போது கோபுரச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். "இருபது உயிரைக் காத்த போதகர்" என்று போட்டிருக்கிறது. எங்கள் பழைய பாஸ்டரைப் பற்றித்தான். போன ஞாயிறு அதைத் திறந்து வைத்தார்கள். புதிதாக வந்திருக்கிற சின்ன வயசு பாஸ்டர் என்னையும் பேசக் கூப்பிட்டார். அங்கே என்ன பேசினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லில் அது இல்லை.

நான் முப்பது வருஷம் கரிச் சுரங்கத்தில் துளை போட்டவன். துளைக்கிற இயந்திரம் என் காதைத் தின்றுவிட்டது. பக்கத்தில் வந்து சத்தமாகப் பேசினால் கேட்கும். மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. பிறகு ஒரு கரிப் பாறை காலில் விழுந்தது. சுரங்கத்தில், "இனிமே வராதே" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் வந்து மணி வேலைக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லைங்க ஐயா" என்றேன்.

"மணிக்கும் இல்லண்ணே. இழுத்தா அடிக்கும்" என்றார்.

அப்படித்தான் சேர்ந்தேன். அவர் பிரசங்கம் செய்யும்போது நான் வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வாங்க என்று ஒருநாளும் கூப்பிட்டது கிடையாது. அதற்காகவே அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை.

நல்ல குடும்பஸ்தர். எந்த வீட்டில் எவன் படுக்கையில் கிடந்தாலும் போவார். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். சின்ன மகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவார், பாத்திரம் கழுவுவார், பெண்சாதியின் செருப்பு அறுந்தால் அவரே உட்கார்ந்து தைப்பார். பிள்ளைகளுக்கு முடி வெட்டுவதும் அவர்தான். வீட்டுப் பின்படியில் உட்கார வைத்து, கத்தரிக்கோலை எடுத்து, படிப்படியாக வெட்டுவார். பெரியவன் தலை எப்போதும் குருவி கலைத்துப் போட்ட கூடு மாதிரி இருக்கும். ஊரில் எல்லாரும் அவனைக் குருவிக்கூடு என்றார்கள். பிறகு அது குருவி என்று ஆகிவிட்டது.

"ஐயா, நீங்க ஆத்துமாவைப் பாருங்க. தலைய விட்ருங்க" என்பேன். சிரிப்பார். அடுத்த மாதம் மறுபடியும் வெட்டுவார்.

குருவி படிப்பில் சுமார். இருபது வயசில் சுரங்கத்துக்குப் போகிறேன் என்று நின்றான். அம்மா ஆகாது என்றாள். நாலு நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பாஸ்டர் என்னோடு சேர்ந்து சபைச் சாக்கடை அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அண்ணே, இந்த ஊர்ல எல்லார் பிள்ளையும் இறங்கற இடம் அது. என் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்னு எந்த வாயால சொல்றது? ஞாயித்துக்கிழமை அவங்க முன்னாடிதானே நிக்கணும்?"

"நின்னா என்ன? வேண்டாம்னு சொல்லுங்க. எவன் கேக்கப் போறான்?" என்றேன்.

அவரால் சொல்ல முடியவில்லை. குருவி இறங்கினான். நாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்டில், சுரங்கக் குழிக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டது. பக்கத்தில் எப்போதோ கைவிட்ட சுரங்கத்தில் தேங்கி நின்ற தண்ணீர். நாற்பத்தெட்டுப் பேர் ஏறி வந்தார்கள். ஏழு பேர் வரவில்லை. எங்கள் சுரங்கத்தில் இறங்குகிறவன் ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை உண்டு. விளக்கு வாங்கும்போது அதைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். அன்று பலகையில் ஏழு வில்லை மிச்சம் தொங்கியது. குருவியுடையது நாற்பத்தொன்று.

பாஸ்டரம்மா தினமும் காலையில் விளக்கு அறைக்குப் போய்விடுவாள்.

"நாப்பத்தொண்ணு இருக்கா?"

"இருக்கும்மா."

"யாரும் கழட்டிரக் கூடாது."

"மாட்டோம்மா."

கேட்டுவிட்டு வந்து சுரங்க வாசல் ஓரம் உட்காருவாள். இப்படிப் பதினோரு நாள்.

அந்தப் பதினோரு நாளும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பம்புகள் மேலே இல்லை, குழிக்குள் பாதி ஆழத்தில் இருந்தன. ஒரு நேரத்துக்கு இருபது பேர் கீழே நின்றால்தான் ஓடும். இறைக்க இறைக்கத் தண்ணீர் அப்படியே நின்றது. போதாக்குறைக்கு, பம்பு நிற்கிற இடத்தில் கூரை பேச ஆரம்பித்தது. பேசுவது என்றால், முட்டுக் கொடுத்திருக்கிற மரங்கள் பாரம் தாங்காமல் முனகும். ஒன்பதாம் நாள் இரண்டு மரம் முறிந்தது. மேனேஜர் எல்லாரும் ஏறுங்கள் என்றார். ஒருத்தன்கூட ஏறவில்லை.

குழிக்காரன் வழக்கம் அது. உள்ளே ஆள் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை இருக்கிறவரை இறைக்கிறவன் ஏற மாட்டான். நாளைக்கு அவன் உள்ளே கிடக்கலாம் அல்லவா? பம்புக்காரர்கள் தங்கள் மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பியது இதுதான்: "ஏழு வீட்லேருந்தும் போதும்னு வார்த்தை வரட்டும். ஒரு வீடு குறைஞ்சாலும் ஏற மாட்டோம்."

இறைத்தது போதும் என்று ஏழு வீட்டாரும் கையெழுத்துப் போட, மேனேஜர் உடனே ஒரு தாளைத் தயார் செய்துவிட்டார். அவருக்குத் தாள் என்றால் பிரியம். அதைத் தூக்கிக்கொண்டு பாஸ்டரிடம் வந்தார். வேறு யார் போனாலும் அந்த வீடுகளில் செருப்பால் அடித்திருப்பார்கள்.

பாஸ்டர் அந்தத் தாளோடு கோபுரத்துக்கு ஏறி வந்தார். நான் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சட்டைக் கழுத்து அழுக்காக இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்.

"அண்ணே, நீங்க அந்தக் குழியில வேலை பார்த்தவரு. உள்ள இருக்கறவங்க எத்தனை நாள் தாங்குவாங்க?"

"மூணு நாள்."

"மேட்டுப் பக்கம் ஏறிப் போயிருந்தா? அங்க காத்து அடைஞ்சு நிக்கும்னு சொல்றாங்களே?"

"மேட்டுல இருந்தாலும் மூணு நாள். காத்து கெட்டுப் போயிரும்."

அவர் தாளை ஆணி டப்பாவின் மேல் வைத்தார். பிறகு, "உங்க மாப்பிள்ளை கீழ பம்புல நிக்கறாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்ககிட்ட கேக்கறேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் மேட்டுப் பக்கம் காற்று எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அங்கே அடைபட்டுக் கிடந்தவனா? என் மகளின் புருஷன் முனகுகிற கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். மகளுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். வாயில் மூணு என்று வந்தது, மூணு என்று சொன்னேன். சொன்ன பிறகு அதுதான் உண்மை என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஆறு வீட்டுக்கும் ஏறி இறங்க இரண்டு நாள் ஆனது, அவரோடு நானும் போனேன். நொண்டி நொண்டித்தான். அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு வீட்டில் கிழவன் கதவைச் சாத்திக்கொண்டான், ஒரு மணி நேரம் வாசலில் நின்றோம். இன்னொரு வீட்டில் தாளைக் கிழிக்க வந்தார்கள். கடைசி வீடு, கல்யாணமாகி ஏழு மாதமே ஆன ஒரு பெண்ணுடையது. துணி காய்கிற கொடிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சட்டை ஒன்று அவள் தலைக்கு மேலே ஆடியது.

"உங்க வீட்ல போட்டாச்சா ஐயா?" என்று கேட்டாள்.

"போடுவேம்மா."

"போட்டீங்களான்னு கேட்டேன்."

"இன்னும் போடல. இதுதான் ஆறாவது வீடு. ஏழாவது என் வீடு."

"அம்மா போட விடுவாங்களா?"

அவர் தாளை விரித்துப் பிடித்தார். அந்தப் பெண் பேனாவை வாங்கிக்கொண்டாள். "நீங்க போடுவீங்கன்னு நம்பித்தான் நான் போடறேன். நாளைக்கு அவர் வந்து நின்னு, ஏன்டி போட்டேன்னு கேட்டா, உங்களைத்தான் கை காட்டுவேன்" என்றாள். போட்டாள். கையெழுத்து முடிந்த பிறகும் பேனா தாளை விட்டு எழும்பவில்லை. பாஸ்டர்தான் மெதுவாக எடுத்தார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. சின்னவள் மேசையில் கணக்கு நோட்டை விரித்து வைத்துக் காத்திருந்தாள். அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், குருவியின் வேலைச் சட்டையை. ஏற்கனவே மடிப்புக் கலையாமல் இருந்ததை மறுபடியும். நான் கதவோரம் நின்றுகொண்டேன். அம்மா கத்திப் பேசுகிறவள் என்பதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"எத்தனை வீடு முடிஞ்சுது?"

"ஆறு."

"ஆறு வீட்ல போய் பிள்ளைங்களைப் புதைச்சுட்டு வந்துட்டீங்க. ஏழாவதுக்கு இங்க வந்துருக்கீங்க."

"கீழ இருபது பேர் நிக்கறாங்க. அவங்களுக்கும் வீடு இருக்கு."

"இருக்கட்டும். எனக்கும் இருக்கு." இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்தினாள். "அவன் போறேன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க? ஊர் பிள்ளைங்க போற இடம்னு சொன்னீங்க. இப்போ இறைச்சது போதும்னு சொல்றப்பவும் ஊரைத்தான் சொல்றீங்க. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்க பக்கம் நின்னு பேசக் கூடாதா?"

"நான் என்ன செய்யணும்? சொல்லு, செய்யறேன்."

"கையெழுத்து உங்க கையிலதானே இருக்கு? நீங்களே போடுங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"நீ சொல்லாம போட மாட்டேன்."

"நான் சொல்ல மாட்டேன்."

சின்னவள் நோட்டை மூடிவிட்டாள். "அப்பா, கணக்கு இன்னைக்கு வேண்டாம்பா" என்றாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை மறுபடியும் திறந்தார். பென்சிலை எடுத்தார். ஒரு வகுத்தலைப் போட்டுக்கொண்டே இருந்தார், மீதி வந்தது, அழித்தார், மறுபடியும் போட்டார். மறுபடியும் மீதி வந்தது. அவர் முதுகு குலுங்கியது. சின்னவள் அழிப்பானை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குரல் இறங்கி ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. பாஸ்டர் வெளியே வந்து எனக்குச் சொன்னார்: "காத்துக் குழாய்ல காது வச்சுக் கேக்கணுமாம் அவளுக்கு. கேட்டுட்டு சொல்றேங்கறா. காலையில போவோம்."

காற்றுக் குழாய் என்பது, மேலேயிருந்து குழிக்குள் காற்று அழுத்துகிற இரும்புக் குழாய். மேட்டுப் பக்கம்வரை போகும். உள்ளே ஒருத்தன் அதில் தட்டினால் மேலே கேட்க வேண்டும். ஆனால் பம்பு ஓடுகிறவரை எதுவும் கேட்காது, குழாயே அதிரும். முதல் மூன்று நாள் நிறுத்திக் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அங்கே போனோம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல பம்பை நிறுத்தினா கீழ நிக்கறவங்க கால் வரைக்கும் தண்ணி வந்துரும்" என்றார்.

மேஸ்திரி டெலிபோனில் கீழே இருக்கிறவர்களோடு பேசினான். பேசிவிட்டு டெலிபோன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் சத்தமாகச் சொன்னான்: "மேனேஜர் காதை நம்ப மாட்டோங்கறாங்க. அம்மா பெத்தவங்க, அவங்களுக்குக் கேக்காததும் கேக்கும்ங்கறாங்க. ஐயா கேட்டுச் சொல்லணுமாம். ஐயா கேட்டுதுன்னா நிக்கறாங்க. இல்லேன்னா ஏறறாங்க."

கல்லெடுத்துக் கட்டின மாதிரி எல்லாப் பாரத்தையும் ஒரு மனுஷன் காதில் கொண்டுபோய்க் கட்டுகிறார்களே என்று நினைத்தேன்.

குழாயின் ஒரு பக்கம் அம்மா கரித்தூளில் முட்டி போட்டாள். எதிர்ப்பக்கம் பாஸ்டர். இரண்டு பேர் முகமும் எதிரெதிரே, நடுவில் அந்தக் குழாய். பம்பு நின்றது. எனக்கு அது காலில்தான் தெரிந்தது, தரை சும்மா ஆனது. நான் பாஸ்டருக்குப் பின்னால், வலது பக்கமாக நின்றேன். கேட்கிற காது எனக்கு இல்லை. அதனால் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழியில் தட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஏற்று. நாலு என்றால், ஆள் இருக்கு.

பாஸ்டரின் வலது கை அவர் தொடைமேல் இருந்தது. ஆள்காட்டி விரல் லேசாக எழும்பித் தாழ்ந்தது. ஒன்று. கொஞ்சம் நிறுத்தி, இரண்டு. மூன்று. நாலு.

அம்மா தலையைத் தூக்கினாள். "நாலு! நாலு தடவை தட்டினான்! கேட்டுச்சுல்ல? உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

அந்தம்மாவுக்குத் தட்டுக் கணக்கு தெரியுமா? எனக்குத் தெரியாது. குருவி சாப்பிடும்போது தட்டைத் தட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பிள்ளைகள் அப்படித்தான் பெருமை பேசும்.

மேஸ்திரி டெலிபோனைக் காதில் வைத்தபடியே, "ஐயா?" என்றான்.

பாஸ்டர் குழாயிலிருந்து காதை எடுக்கவில்லை. முகத்தில் பாதி கரி. கண் மூடியிருந்தது. மேனேஜர், "டைம் ஆச்சு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் பாஸ்டர். எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

"பொய்" என்றாள் அம்மா. "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "ஒண்ணும் கேக்கலம்மா."

அம்மா எழுந்தாள். முட்டியில் ஒட்டின கரியைத் தட்டினாள். யாரையும் திட்டவில்லை, அழவும் இல்லை. நேரே விளக்கு அறைக்குப் போய் நாற்பத்தொன்றாம் வில்லையை அவளே கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். விளக்கு அறைக்காரன் தடுக்கவில்லை. திரும்பி வரும்போது எங்கள் முன்னால் நின்று, "போட்டுக்கங்க உங்க கையெழுத்தை" என்றாள். வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பாஸ்டர் மேனேஜரின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். வேறு இடம் இல்லை.

நான் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். ஐயா, உங்க விரல் என்ன கணக்குப் போட்டது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மேஸ்திரி காதில் விழுந்திருக்கும், கீழே இருபது பேரும் நின்றிருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. விரல் நடுக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு நாளாகத் தூங்காதவன் விரல் நடுங்காதா? நடுங்கும்தான். மத்தியானத்துக்குள் இருபது பேரும் ஏறி வந்தார்கள். என் மாப்பிள்ளை பதினாலாவது ஆளாக வந்தான். என் மகள் அவனை அடி அடி என்று அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி திரும்பி நின்றேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூரை விழுந்தது. பம்பு நின்ற இடம், வழி, எல்லாம். ஊர் முழுக்கத் தரை ஆடியது. கோபுரத்தில் யாரும் தொடாமலே மணி ஒருதரம் அடித்தது. அதுதான் கதையாகிவிட்டது. அன்றிலிருந்து ஊரில் பாஸ்டர் நடந்து போனால் குழிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

மூன்று நாள் கழித்து ஏழு பேருக்கும் சேர்த்து ஆராதனை. பெட்டி கிடையாது, பலகையிலிருந்து எடுத்த வில்லைகளை ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருந்தார்கள். ஆறுதான். ஏழாவது அம்மாவிடம் இருந்தது. அம்மா வரவில்லை.

ஆறு பேருக்கும் நான் அடித்தேன். முப்பத்தொன்று, நாற்பத்தாறு, இருபத்தொன்பது, இப்படி. குருவிக்கு இருபத்தினாலு ஆணியை வரிசையாக வைத்தபோது பாஸ்டர் அங்கியோடு படி ஏறி வந்தார்.

"இத நான் அடிக்கறேண்ணே."

"ஐயா, கயிறு கனம். கை உரிஞ்சு போயிரும்."

"குடுங்க."

கொடுத்தேன். இழுத்தார். பழக்கம் இல்லாத கை, முதல் இரண்டு அடி கோணலாக விழுந்தது. பிறகு சரியாக வந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவரே ஓர் ஆணியை எடுத்து டப்பாவில் போட்டார். கீழே ஜனங்கள் எண்ணிக்கொண்டு நின்றிருந்தார்கள். பத்து. பதினைந்து. கயிற்றில் ரத்தம் தெரிந்தது. இருபதாவது ஆணியைப் போட்டுவிட்டுக் கயிற்றை விட்டுவிட்டார்.

"ஐயா, இன்னும் நாலு இருக்கு."

"போதும்ணே."

"அவனுக்கு இருபத்தினாலு. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். பொறந்தப்போ நர்ஸ் கையிலேருந்து வாங்கினது நான்தான்." கட்டையில் கிடந்த நாலு ஆணியையும் பார்த்தார். தொடவில்லை. "அது இருக்கட்டும்."

இறங்கிப் போய் ஆராதனை நடத்தினார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை என்றார்கள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. கீழே எண்ணிக்கொண்டு நின்றவர்களுக்கும் நாலு குறைந்தது தெரிந்திருக்கும். தகப்பன் அடித்த மணி, அழுகையில் கணக்கு விட்டுப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். இருக்கலாம்தான். ஆனால் ஆணி வைத்து அடிக்கிறவனுக்குக் கணக்கு எப்படி விட்டுப் போகும்?

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் இருந்தார். அதே மாதிரி வீடு வீடாகப் போனார், ஆறு மணிக்குத் திரும்பினார், பாத்திரம் கழுவினார். சின்னவளுக்குக் கல்யாணமாகிற வரை அவரேதான் முடி வெட்டினார். அம்மா அவருக்குச் சமைத்தாள், அங்கிக்கு இஸ்திரி போட்டாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தாள். சபைக்கு மட்டும் வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கம் செய்கிற நேரத்தில், மூடின பழைய குழியின் கேட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். அவரும் தடுத்ததில்லை.

ஒரே ஒரு தடவை நான் கேட்டேன். நானும் அவரும் சபை பெஞ்சுகளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை.

"ஐயா, அன்னைக்குக் குழாய்ல கேட்டுதா இல்லையா?"

அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. பெஞ்சின் கால்வரை பூசி முடித்தார். பிறகு என் காதோரம் வந்தார்.

"உங்க மாப்பிள்ளை நல்லா இருக்காராண்ணே?"

"இருக்கான்."

"பேரப்பிள்ளைங்க?"

"ரெண்டு. மூணாவது வரப் போகுது."

"அப்போ வேற என்னண்ணே தெரியணும் உங்களுக்கு?"

சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். கேட்ட கேள்விக்கு அது பதிலா? எனக்கு அன்றும் தெரியவில்லை. கேட்டது என்றால் அவர் என்ன மாதிரி மனுஷன்? கேட்கவில்லை என்றால் அந்த நாலு ஆணியை ஏன் விட்டார்? இரண்டில் எது என்று நான் இன்றுவரை தலையை உடைத்துக்கொள்கிறேன். அவர் செத்தபோது அறுபத்தேழு அடி அடித்தேன். ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

போன ஞாயிறு கல் திறக்கும்போது நல்ல கூட்டம். புதுப் பாஸ்டர் துணியை விலக்கினார், எல்லாரும் கை தட்டினார்கள். அந்த இருபது பேரில் உயிரோடு இருக்கிறவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். என் மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பாஸ்டரம்மா வரவில்லை. எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"நீங்கதான் அவர் கூடவே இருந்தவர். ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். என் சட்டைப் பையில் அந்த நாலு ஆணியும் இருந்தன. இத்தனை வருஷமாக அவற்றை நான் வேறு யாருக்கும் வைத்ததில்லை. பைக்குள் கையை விட்டு ஒருதரம் எண்ணிக்கொண்டேன்.

"நல்ல மனுஷன். முடி வெட்டத் தெரியாது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். மைக்கை மாப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு நடந்தேன். கல்லைத் தாண்டும்போது அந்த வரியை மறுபடியும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். இருபது என்றுதான் போட்டிருக்கிறது, இருபது சரிதான், எனக்கு ஆட்சேபணை இல்லை. மீதியைப் பற்றி எவனும் ஒரு வரி போடவில்லை. பின்னால் மகள், "அப்பா, எங்க போறீங்க, இன்னும் முடியல" என்று கூப்பிட்டாள். காது கேட்காதவன் மாதிரி நொண்டிக்கொண்டே போய்விட்டேன்.